மூன்றாவது மேசை

சுற்றிப் போக வழியில்லை, தாண்டித்தான் போக வேண்டும். கல்லூரி வராந்தாவின் அகலம் முழுக்க ஒரு ஆள் கிடந்தான். சாக்பீஸால் வரைந்த ஆள். முகம் இல்லை, உடுப்பு இல்லை, வெறும் ஓரக்கோடு. ஒரு கை தலைக்கு மேலே நீண்டிருந்தது, ஒரு கால் முட்டியில் மடங்கியிருந்தது, தலைமாட்டில் மஞ்சள் நாடா சுற்றிய ஒரு நாற்காலி. குற்றவியல் துறைக்காரர்கள் புதிதாய்ச் சேர வருகிறவர்களுக்குக் காட்ட வரைந்து வைத்தார்களாம். "சும்மா ஒரு டிஸ்பிளேதான் ஆன்ட்டி, தாண்டி வாங்க" என்று அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் சிரித்தாள். செண்பகவல்லி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீண்டு கிடந்த கையின் மேல் செருப்பு பட்டுவிடாமல் தாண்டினாள். திரும்பிப் பார்த்தால் மகள் வரவில்லை. சுபிக்ஷா அந்தக் கோட்டு மனிதனின் காலருகே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கால் இப்படி மடங்காது" என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. கணக்கில் ஒரு தப்பைப் பார்த்தால் சொல்வாளே, அந்தக் குரல். அந்தப் பெண் மறுபடி சிரித்தாள், இந்த முறை பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கால் இப்படி மடங்காது. மண்டபத்துக்குள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தண்ணீர் குடித்து, இத்தனைக்குப் பிறகும் அந்தச் சொல் செண்பகவல்லிக்குள் தொண்டையில் மாட்டின மீன்முள் மாதிரி நின்றது. எப்படி மடங்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும். செல்போனில் என்னென்னவோ பார்க்கிறாள், அதில் வந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்கூட இல்லை இவளுக்கு, வரலாறு குரூப். செல்போன்தான். செல்போனாகத்தான் இருக்கும். மண்டபத்தின் முன்பக்கம் மூன்று மேசை போட்டிருந்தார்கள். முதல் மேசை வரலாறு, பின்னால் ஒரு கோபுரப் படமும் பழைய காசுகளின் படமும். இரண்டாவது அரசியல் அறிவியல், அங்கே அரசியலமைப்பின் முகவுரையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது மேசைக்குப் பின்னால் ஒரு கைரேகை, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியது, கறுப்புச் சுழி சுழியாக. பார்த்துக்கொண்டே இருந்தால் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி தலை சுற்றியது. குற்றவியலும் காவல் நிர்வாகமும் என்று எழுதியிருந்தது. ரேங்க்படி பெயர் வாசித்ததும் பிள்ளைகள் எழுந்துபோய் எந்த மேசையில் உட்காருகிறார்களோ அதுதான் அடுத்த மூன்று வருஷம். இவ்வளவுதான். ஒரு நாற்காலியில் உட்காருவது. அவள் வீட்டுக்காரர் அதைத்தான் காலையில் சொல்லி அனுப்பினார். சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி வைத்தாயா என்று கேட்கிற அதே குரலில், கண்ணாடியைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டு, "ஹிஸ்டரி மேசையில உக்காரச் சொல்லு. கவர்மெண்ட் குரூப் பரிச்சைக்கு ஆகும். அந்த மூணாவது இருக்கு பாத்துக்கோ, அது மட்டும் வேண்டாம். உக்காந்ததும் நீ போன் பண்ண வேண்டாம், நானே பண்ணுவேன்" என்றார். மகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். கேட்காத மாதிரி வாரை இழுத்து இழுத்து மாட்டினாள்.

போலீஸ்காரர் மகள் குற்றவியல் படித்தால் என்ன தப்பு, ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அப்பா மாதிரியே வரப்போறியா பாப்பா என்பார்கள். தளவாய் ஏட்டு என்றால் அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது, இப்போது எஸ்.ஐ. ஆகிவிட்டார், வேறு ஸ்டேஷன், ஆனாலும் ஊர்க்காரர்கள் வாயில் ஏட்டய்யாதான். அவருக்குப் பெருமையாகத்தானே இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்கிற பழக்கம் செண்பகவல்லிக்குக் கிடையாது. கேட்காமல் இருந்து இருந்து அது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது, பால் காய்ச்சுவது, வாசல் பெருக்குவது, கேட்காமல் இருப்பது. வரலாறு நல்லதுதான். அவளே யோசித்துப் பார்த்திருக்கிறாள். வரலாற்றிலும் சாவு இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, யானைக் காலில் இட்டார்கள், கழுவில் ஏற்றினார்கள், ஊரையே கொளுத்தினார்கள். ஆனால் அந்தச் சாவுகளுக்கு யாரும் வந்து அழமாட்டார்கள். செத்தவன் பொண்டாட்டி பஸ் ஏறி வந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டோவை நெஞ்சில் பிடித்துக்கொண்டு உட்காரமாட்டாள்.

"பாப்பா எந்தத் துறைக்குமா?" என்று ஒரு குரல். வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பேராசிரியர் வரிசை வரிசையாக வந்து பேசிக்கொண்டிருந்தார், வரலாற்றுத் துறை.

"வரலாறுதான் சார்" என்றாள் செண்பகவல்லி, சட்டென்று.

"ரொம்ப நல்ல முடிவு. கீழே ஒரு மண்பானை ஓடு கிடைச்சாக்கூட அதை வெச்சு ஒரு ஊரையே எழுப்பிரலாம். எதையும் முழுசா அழிக்க முடியாதும்மா, எங்கேயாவது ஒரு துண்டு மிச்சம் இருக்கும். அதைத் தேடுறதுதான் எங்க வேலை."

"கேட்டியாம்மா" என்றாள் சுபிக்ஷா. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

பேராசிரியர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். செண்பகவல்லிக்கு வியர்த்தது. மேலே விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கேயாவது ஒரு துண்டு. அப்படியானால் வரலாறும் அதுதானா. இரண்டாவது மேசை பரவாயில்லை போலிருக்கிறதே, அரசியல் அறிவியல், கட்சிக்காரர்கள் சமாச்சாரம், ஓட்டு, சட்டசபை, அதில் என்ன வந்துவிடப் போகிறது. இல்லை, இல்லை, அதிலும் இருக்கிறது. போன மாசம் சாப்பிடும்போது இவள்தான் சொன்னாள், கைது பண்ணினால் எதற்காகக் கைது என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டுமாம், ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டுமாம், அரசியலமைப்பிலேயே போட்டிருக்கிறதாம். பாடத்தில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவர் கையில் பிசைந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. இவள் அவரைப் பார்க்கவில்லை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அப்படி நிறுத்தலைன்னா என்னப்பா செய்வாங்க?" என்றாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார், சோறு தட்டில் பாதிக்கு மேல் இருந்தது. அன்றைக்குத்தான் செண்பகவல்லிக்கு முதல்முதலாக அந்தப் பயம் வந்தது. முதல்முதலாகவா. அதற்கு முன்னால் இல்லையா. ஆறு வருஷத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லையா.

காய்ச்சல் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது, அதில் பொய்யே கிடையாது, தொட்டால் கை பொத்துப்போகிற மாதிரி கொதித்தது, ஈரத்துணி போட்டு எடுத்தாள், டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை. இல்லை, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்க மாட்டாரே, நாகர்கோவிலுக்குப் போய்விடுவாரே. சனிக்கிழமையே ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை கொதித்தது. அப்படித்தான் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல்னு மத்தியானமே அவுக வீட்டுக்கு வந்துட்டாக சார், பொழுது சாயுற வரைக்கும் இங்கனதான் இருந்தாக, பிள்ளை பக்கத்துல. வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். அப்புறம் அந்த அதிகாரி பதினொரு வயசுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அன்னைக்குக் காய்ச்சலாடா கண்ணு?" என்று கேட்டார். பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையை லேசாக, மிக லேசாக, ஒரு கொசு உட்கார்ந்தால் அசைப்பது போல அசைத்தாள். பிள்ளையும் அசைத்தது. அதோடு முடிந்தது. பலவேசம் ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்து நெஞ்சடைத்துச் செத்தான் என்று எழுதி முடித்தார்கள்.

பலவேசம் பஞ்சர் கடைக்காரன். சுபிக்ஷா சைக்கிளுக்கு அவன்தான் ஒட்டுப் போடுவான், பாப்பா பாப்பா என்பான், காசு கொடுத்தால் பாதி நாள் வாங்க மாட்டான். இன்ஸ்பெக்டரின் காருக்குக் காற்றடிக்கக் கூப்பிட்டபோது சோறு தின்றுவிட்டு வருகிறேன் என்று சொன்னானாம். அதுதான் அவன் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருந்தாள். போலீஸ் குடியிருப்பு ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே, மதில் ஓரமாக நடந்தால் வேப்பமரம், அதைத் தாண்டினால் ஸ்டேஷன் பின்கதவு. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துட்டு வா சுபி என்று கூடையில் வைத்து அனுப்பினாள். அனுப்பினாளா? அனுப்பினாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை யாராவது வெயிலில் சோற்றுக் கூடையோடு அனுப்புவார்களா? இங்கேதான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும், ஆறு வருஷமாக இதே இடத்தில், தறியில் நூல் அறுந்த மாதிரி, பிறகு முடிச்சுப் போட்டு வேறு பக்கமாக ஓட்டுவாள். பிள்ளை கூடையோடு திரும்பி வந்தது. திறக்காத கூடை. ஏட்டி, அப்பா சாப்பிடலையா? உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் அவர் வந்தார், வெகுநேரம் குளித்தார், வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குழம்பைத்தான் சூடு பண்ணிப் போட்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. ஏன் என்று கேட்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆகையால் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும், காய்ச்சல் இல்லாமல் பிள்ளை எதற்கு அப்படிப் படுத்துக் கிடக்கும்.

"எம்மா."

"என்ன."

"எனக்கு அந்தத் தடவை காய்ச்சல் வந்தது செவ்வாக்கெழமதான?"

ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பெயரைத் தப்பாக வாசித்து, திருத்தி மறுபடி வாசித்தார்கள். மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லிக்கு எந்தத் தடவை என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. எந்தத் தடவைட்டி, உனக்கு எத்தனையோ தடவை காய்ச்சல் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமைதான். டாக்டர் வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமை அம்மன் பாட்டுப் போட்டிருந்தார்கள், பிள்ளை தோளில் கொதித்துக் கிடந்தது, வாய் என்னவோ பிதற்றியது, அதைக் கேட்காமல் இருக்க அவள் பாட்டைக் கேட்டாள். எல்லாம் தெரியும். கிழமை, பாட்டு, வேப்பமரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்தது, எல்லாம்.

"செவ்வாக்கெழம" என்றாள்.

சுபிக்ஷா தலையாட்டினாள். அவ்வளவுதான். கோபமில்லை, அழுகையில்லை. பரீட்சைத் தாளில் ஒரு விடை சரிதானா என்று பார்த்துக்கொண்ட மாதிரி. அதுதான் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் அடக்கியிருப்பாள். இந்தப் பிள்ளை ஆறு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டு, அப்பா பெல்ட்டை எடுத்துக் கொடுத்து, தீபாவளிக்குக் காலில் விழுந்து, உள்ளே இதை வைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. இதற்காகவா மூன்றாவது மேசை. படித்து, பட்டம் வாங்கி, ஒருநாள் ஒரு வெள்ளைத் தாளில் அப்பா பேரையும் அம்மா பேரையும் எழுதவா.

பெயர் வாசித்தார்கள். த. சுபிக்ஷா. அவள் எழுந்தாள். முதல் மேசையைக் கடந்தபோது அந்த வெள்ளைச் சட்டைப் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிரித்தார், அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். இரண்டாவது மேசை. செண்பகவல்லி பின்னாலேயே போனாள், மகளின் பின்னலைப் பார்த்தபடி, இழுத்துப் பிடித்து நிறுத்திவிடலாமா, தலை சுற்றுகிறது என்று விழுந்துவிடலாமா என்று ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். சுபிக்ஷா அந்தப் பெரிய கைரேகைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "இந்த மார்க்குக்கு எதை வேணாலும் எடுக்கலாமே. ஏன் குற்றவியல்?"

"ஒரு விஷயம் நடந்தா, நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லணும்னு தெரியலை மேடம். அதைக் கத்துக்கணும்."

"யாருகிட்ட?"

"சொல்ல வேண்டியவங்ககிட்ட."

அந்த அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பிறகு செண்பகவல்லி பக்கம் காகிதத்தைத் திருப்பினார். "பெற்றோர் கையெழுத்துப் போடணும். வீட்ல எல்லாருக்கும் சம்மதம்தானேம்மா?"

பேனா யாரோ பிடித்த சூட்டோடு இருந்தது. போடாமல் நகர்ந்துவிட்டால் போதும், இவள் தானாக முதல் மேசைக்கு வந்தாக வேண்டும். அவர் சொன்னபடி நடந்துவிடும். எல்லாம் இருந்தபடி இருக்கும். செண்பகவல்லி மகளைப் பார்த்தாள். சுபிக்ஷாவும் பார்த்தாள், அம்மாவின் முகத்தை, கண்ணைக்கூட இல்லை, நெற்றியையும் கழுத்தையும், தலை எந்தப் பக்கம் அசையப் போகிறது என்று பார்க்கிற பார்வை. பதினொரு வயசில் பார்த்த அதே பார்வை. செண்பகவல்லி கழுத்தை அசைக்காமல் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. கல்லூரி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"உக்காந்தாச்சா?"

"ஆச்சுங்க."

"எதுல?"

"ஹிஸ்டரி" என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது. நாக்கு தானாகவே வழுக்கிக்கொண்டு போனது, பழகின பாதையில் மாடு போகிற மாதிரி. பக்கத்தில் சுபிக்ஷா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ம். சேந்ததுக்கு ஒரு சீட்டுக் குடுத்திருப்பாம்லா, அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நிழற்குடையில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. தெருநாய் ஒன்று சிமெண்டு பெஞ்சுக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆகிவிடும். வீட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும். அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும், அவர் வேலையே அது, ஆட்கள் வாயிலிருந்து எடுப்பது. எப்படி எடுப்பார். எப்படி எடுத்தார். கேட்காமல் இருந்த கேள்வி இப்போது வாய்க்குள் வந்து பல்லில் இடித்துக்கொண்டு நின்றது. விழுங்கப் பார்த்தாள். போகவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு நீ என்ன பாத்த?"

சுபிக்ஷா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்பக்க ஜன்னல் வழியா. பஞ்சர் கடை மாமாவைத் தரையில போட்டிருந்தாங்க. ரெண்டு பேரு காலைப் பிடிச்சிருந்தாங்க. அப்பா கையில தடி இருந்துச்சு, உள்ளங்கால்ல அடிச்சாங்க. அப்புறம் அந்தக் காலை..." நிறுத்தினாள். "மாமா கத்தக்கூட இல்லம்மா. என்னைப் பாத்துட்டாரு. பாப்பா, தண்ணின்னாரு. கூடையில பாட்டில் இருந்துச்சு, நீதான் வெச்சிருந்த. ஜன்னல் கம்பிக்குள்ள விட்டா போயிருக்கும், சின்ன பாட்டில்தான். அப்பா திரும்பிப் பாத்தாங்க. நான் ஓடி வந்துட்டேன்."

செண்பகவல்லி அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. காதுக்குள் ஒரு இரைச்சல், அதற்குள் தன் வீட்டு அடுப்பு எரிகிற சத்தம், குழம்பு கொதிக்கிற சத்தம், இன்னும் கொஞ்சம் ஊத்து என்கிற சத்தம். இரண்டு தடவை ஊற்றினாள். தண்ணீர் கேட்டவனைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, அவள் அவருக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள். போன் மறுபடி அடித்தது. கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"போட்டோ எங்க?"

"குற்றவியல் எடுத்திருக்கா" என்றாள் செண்பகவல்லி. "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஆட்களின் பேச்சுச் சத்தம், வாக்கிடாக்கி கரகரப்பு, பிறகு ஒரு கதவு சாத்துகிற ஓசை. தனியறைக்குப் போய்விட்டார்.

"இப்ப ஹிஸ்டரின்னு சொன்ன."

"பொய் சொன்னேன். நீங்க சொல்லிக் குடுத்தாலும் நானா சொன்னாலும் பொய் ஒண்ணுதான். இனிமே யார் வந்து கேட்டாலும், பிள்ளைக்கு ஞாயித்துக்கெழம காய்ச்சல்னு என் வாயால வராது."

அவர் கத்தமாட்டார். வீட்டில் அவர் ஒருநாளும் கத்தியதில்லை.

"செம்பகம், வெயில்ல நிக்காத. அவளையும் கூட்டிட்டு வீட்டுக்கு வா" என்றார், மெதுவாக, கனிவாகவே. "உக்காந்து பேசுவோம்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் அவர்கள் ஊர் பஸ் வளைவில் திரும்பிப் புழுதியோடு வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் அக்கா இருக்கிறாள், உப்பளக்காரரைக் கட்டியவள், அந்த உப்பளக்காரருக்கும் இவள் வீட்டுக்காரருக்கும் ஆகாது, வருஷக்கணக்கில் போக்குவரத்து இல்லை. கதவைத் திறப்பாளா தெரியாது. திறந்தாலும் எத்தனை நாளைக்கு. அவர் வர மாட்டாரா என்ன, ஜீப்பிலேயே வருவார்.

"தூத்துக்குடி பஸ் எங்கட்டி நிக்கும்?"

சுபிக்ஷா எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். அவர்கள் ஊர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். செண்பகவல்லி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த பஸ்ஸின் முன்பக்கமாக ரோட்டைக் கடந்தாள்.